போக மறுத்த அம்பு

அம்பு மறுபடியும் வழுக்கிக்கொண்டு போனது.

ஈஸ்வரமூர்த்தி மவுஸை விட்டுக் கையை எடுத்து விரல்களை உதறிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் பச்சைக் கட்டத்துக்குள் இருந்த 'உறுதி செய்' என்ற எழுத்துகளை முறைத்துப் பார்த்தார். பிறகு பாம்பைப் பிடிக்கப் போகிறவரைப் போல மெதுவாக மவுஸைப் பிடித்து நகர்த்தினார். அம்பு நல்ல பிள்ளையாகக் கட்டத்தின் ஓரம் வரை வந்தது. தொடுகிற நேரத்தில் நடுங்கியது. இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, மேலே பாய்ந்து, திரையின் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

"சனியன்!" என்றார்.

"யாரச் சொல்லுதீங்க?" அடுப்படியிலிருந்து மனைவி வடிவின் குரல் வந்தது.

"ஒன்ன இல்ல தாயி. இந்த மவுஸ."

"நேத்துவர ஒழுங்காத்தான இருந்துச்சு. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்."

அந்த மவுஸின் பெயர் கைத்துணை. கை நடுங்குகிறவர்களுக்கென்றே வந்தது. அதோடு ஒரு பட்டை கொடுப்பார்கள். அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், மோர் தம்ளரைப் பிடித்தால் பாதி மோர் வேட்டியில் கொட்டுகிற கையில்கூட அம்பு நூல் பிடித்த மாதிரி போகும். நீர்ப்பாசனத் துறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற ஈஸ்வரமூர்த்திக்கு அதனால்தான் இன்னும் மரியாதை மிச்சமிருந்தது. கையெழுத்துப் போட வராத மனிதரைப் பாளையங்கோட்டையில் எந்தக் குடியிருப்புச் சங்கம் செயலாளராக வைத்திருக்கும்?

அந்தச் செயலாளர் வேலைதான் இப்போது திரையில் நின்றது. பொருநைக் குடியிருப்பின் காவலாளி சுடலைமணி மீது ஒரு புகார். பணியில் அலட்சியம், அதனால் ஒருவருக்குப் பலத்த காயம். 'உறுதி செய்' என்பதை அழுத்தினால் புகார் பணியாளர் பதிவகத்துக்குப் போய்விடும். அங்கே ஒருவன் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தால் அதோடு சரி. அவன் முகத்தைப் பார்த்ததும் எந்தக் குடியிருப்பின் கேட்டும் திறக்காது. காவல் வேலை, தோட்ட வேலை, லிஃப்ட் வேலை எதுவும் கிடைக்காது. கன்னியாகுமரிக்குப் போனாலும் காஷ்மீருக்குப் போனாலும் இதே கதைதான். பக்கத்தில் 'திரும்பப் பெறு' என்று ஒரு சாம்பல் நிறக் கட்டமும் இருந்தது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மாலை சங்கக் கூட்டம். அதற்குள் அனுப்பிவிடுவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜை கழிந்த மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து, படிக்கட்டு அருவியாகிவிட்டது. இரண்டாம் மாடி ரெபேக்கா டீச்சர் சர்ச்சுக்குப் போகக் கீழே இறங்கினார். இருட்டில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. தொட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்து மோட்டாரைத் தானே நிறுத்துகிற ஒரு கண் உண்டு. அதைச் சோதித்துப் பார்த்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. மோட்டார் சுவிட்ச் ஆட்டோவில் இருந்ததா என்று அந்தக் களேபரத்தில் யாரும் பார்க்கவில்லை. அப்படியென்றால் சுடலைமணிதான் அந்த ஆட்டோ சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரைத் தன் கையால் ஓடவிட்டு, மறந்துபோய் ஊருக்குப் போயிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள்.

சுடலைமணி குலசை அம்மன் கோயில் தசராவுக்குப் போயிருந்தான். மகள் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்ட போலீஸ் வேஷம். போனில் கூப்பிட்டதும் சூரசம்ஹாரம் பார்க்காமல், கையில் கட்டிய விரதக் காப்பைக் கோயிலில் அவிழ்க்காமல், வேஷத்தைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்தான். காக்கிச் சட்டையும் காகித நட்சத்திரமுமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குற்றவாளியாக நின்றவனைப் பார்த்து ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆட்டோலதான் சார் வச்சிட்டுப் போனேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"யாரக் கேட்டு லீவு போட்ட?" என்று யாரோ அதட்டினார்கள்.

அவன் ஈஸ்வரமூர்த்தியை ஒரு முறை பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஈஸ்வரமூர்த்தி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

இப்போது மவுஸைக் கவிழ்த்து அடியில் ஊதினார். பேட்டரியை மாற்றினார். மேஜைக் கண்ணாடி பளபளப்பதால்தானோ என்று நாள்காட்டி அட்டையைப் போட்டு அதன்மேல் ஓட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அந்த ஜாதி இயந்திரங்களுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். எதற்கும் அம்பு மசியவில்லை. கடைசியில் உதவி எண்ணுக்குப் போன் செய்தார்.

சாப்பாடு முடிந்த வேளையில் கைத்துணைக் கம்பெனியிலிருந்து ஜெபசெல்வி வந்தாள். தோளில் பை, கழுத்தில் கம்பெனி அட்டை, வாய் நிறையப் பேச்சு. செருப்பைக் கழற்றும்போதே, "என்ன சார், அம்பு ஓடிப் பிடிச்சு வெளயாடுதா?" என்றாள்.

"நீயே பாரும்மா."

அவள் மவுஸைக் கையில் எடுத்ததும் முதல் காரியமாக அதைப் புரட்டி, வெளிச்சத்தில் காட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சீங்களா சார்?"

ஈஸ்வரமூர்த்தி நாள்காட்டி அட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வருஷா வருஷம் இந்த ஒரு வாரம் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மவுசுக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம். போன வருஷம் ஒருத்தர் பிரிண்டருக்குள்ள எலுமிச்சம்பழத்தையே வச்சிருந்தாரு! சாமி கும்புடட்டும், வேண்டாம்னு சொல்லல. கண்ணுல மட்டும் பூசப்படாது சார். சந்தனம் காஞ்சுதுன்னா அதுக்கு எதிர்ல என்ன இருக்குன்னே தெரியாது. இருக்குத இல்லன்னு நெனச்சுக்கிடும்."

"தெரியும்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

அவருக்குத் தெரியாமலா? ஆயுத பூஜையன்று குடியிருப்பிலிருந்த அத்தனை இயந்திரத்துக்கும் பொட்டு வைத்தவரே அவர்தான். லிஃப்ட், ஜெனரேட்டர், கேட், மீட்டர் பெட்டி என்று கிண்ணமும் கையுமாக ஏறி இறங்கினார். மொட்டைமாடியில் தொட்டி மூடியின் அடியில் கறுப்பாக, வட்டமாக, பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் ஒரு கண்ணாடி இருந்தது. நடுங்குகிற கையால் அதில் மூன்று விரல் பட்டையாகச் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். அன்று மதியம் சுடலைமணி வந்து தயங்கி நின்றபோது, "போயிட்டு வாடே, நான் பாத்துக்கிடுதேன்," என்று அனுப்பிவைத்தவரும் அவர்தான்.

விடியற்காலையில் டீச்சரின் அலறல் கேட்டு எல்லோரும் படிக்கட்டுக்கு ஓட, மோட்டார் சத்தம் கேட்டு அவர் மட்டும் மாடிக்கு ஓடினார். மூடியைத் திறந்ததும் விளங்கிவிட்டது. வேட்டி நுனியை நனைத்து அந்தக் கண்ணை அழுத்தித் துடைத்தார். துடைக்கும்போது உண்மையை மறைக்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, கை தானாகச் செய்தது. பிறகு ஆட்கள் மேலே வந்து சோதித்தார்கள். கண் நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் இறுகிப்போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே தின்றுகொண்டிருந்தார்.

"இதுல சந்தனம் ஒண்ணும் இல்ல சார், சுத்தமா இருக்கு," என்றாள் ஜெபசெல்வி. "அம்மா, நீங்க கொஞ்சம் பட்டையக் கட்டிக்கிடுங்க. வேற ஆளு கையில எப்படிப் போவுதுன்னு பாப்போம்."

வடிவு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஜெபசெல்வி ஒரு சீட்டாட்டத்தைத் திறந்து கொடுத்தாள். அம்பு வடிவின் கையில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று. இஸ்பேடு ராணியை எடுத்து ராஜாவின்மேல் வைத்தாள்.

"அப்ப மவுஸ் நல்லாருக்கு. இப்ப நீங்க வாங்க சார்."

ஈஸ்வரமூர்த்தி கையிலும் சீட்டுகள் பதவிசாக நகர்ந்தன. செய்தித்தாள் திறந்தது, பேத்தியின் படம் திறந்தது, மின்கட்டணப் பக்கமும் திறந்தது. ஜெபசெல்வி நெற்றியைச் சொறிந்தாள். "எந்தப் பக்கத்துல சார் ஓடுது? அதத் தெறங்க."

அவர் திறந்தார். ஜெபசெல்வி அதைப் படிக்கவில்லை, அம்பை மட்டும்தான் பார்த்தாள். அது பச்சைக் கட்டத்தின் ஓரத்தில் வந்து நடுங்கி, வெட்டி, மூலைக்கு ஓடியது.

"ஓ, இதுவா!" என்று அவள் சிரித்துவிட்டாள். "இதுக்குத்தான் இம்புட்டுப் பாடா? இது கோளாறே இல்ல சார். எங்க கம்பெனிப் புஸ்தகத்துல இதுக்கு 'எதிர்ச்சேதி'ன்னு பேரு."

"அப்படின்னா?"

"மூளை கைக்குச் சொல்லுத சேதி மணிக்கட்டு வழியாத்தான் போவுது. நகரணும்ங்கது ஒரு சேதி, நடுக்கம் வேற ஒரு சேதி. பட்டை ரெண்டையும் கேட்டு, நடுக்கத்தக் கழிச்சிட்டு, போகணும்ங்கத மட்டும் அம்புக்குக் குடுக்கும். ஆனா சில நேரம் 'போ'ன்னு ஒண்ணும் 'போகாத'ன்னு ஒண்ணும் ஒரே பலத்துல வரும் பாருங்க, அப்ப எதக் கழிக்கன்னு அதுக்குத் தெரியாது. அங்கன நின்னு முழிக்கும்."

"ரெண்டும் எங்கருந்து வருது?"

"நம்மட்டருந்துதான் சார். வேற எங்கருந்து?"

ஈஸ்வரமூர்த்தி பட்டையைத் தடவினார். "அப்ப இது பொய் கண்டுபிடிக்குத மெஷினாம்மா?"

"அய்யோ, அம்புட்டு மூளை அதுக்கு ஏது? நீங்க எந்தக் கட்டத்த அமுக்குதீங்க, என்னத்துக்கு அமுக்குதீங்க, ஒரு எழவும் அதுக்குத் தெரியாது. கை வர மாட்டேங்கு, அவ்ளோதான் அதுக்குத் தெரியும்." அவள் பையை மூடிக்கொண்டே பேசினாள். "போன வாரம் ஒரு வீட்டுல பாகப்பிரிவினை. தங்கச்சிக்குப் பங்கு வேண்டாம்னு எழுதின பத்திரத்துல அண்ணங்காரர் கையில அம்பு போகவே மாட்டேன்னுட்டு. மவுஸத் தூக்கிச் சுவத்துல அடிச்சிட்டாரு. இன்னொரு வீட்டுல பொண்ணு பாவம், மாப்பிள்ளைக்குச் சம்மதம்னு அமுக்கணும். அப்பா, அம்மா, மாமா எல்லாம் சுத்தி நிக்காங்க. அம்பு ஆடுது. எனக்கே என்னமோபோல ஆயிட்டு."

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"பட்டைய அவுத்து வச்சிட்டு அமுக்குச்சு சார். தாத்தாவுக்கு வாங்குன பட்டை, அவளுக்கு நடுக்கமா என்ன?" ஜெபசெல்வி எழுந்தாள். "ஏகப்பட்ட புகார் வருது. கம்பெனில சரி பண்ணிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் வேணும்னா பட்டைய அணைச்சு வச்சிட்டுப் போறேன். உங்க கை நடுக்கத்தோட அம்பும் சேந்து நடுங்கும், ஆனா நாலு தடவ பாத்தா ஒரு தடவ கட்டத்துல விழுந்துரும்."

"வேண்டாம். இருக்கட்டும்."

அவள் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்வார்கள். இங்கே குறுகுறுத்தது கை. நெஞ்சைப் பற்றி ஈஸ்வரமூர்த்திக்கு அவ்வளவு நிச்சயமில்லை, ஏனென்றால் அது இந்தச் சில நாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருந்தது. கேவலம் ஒரு மணிக்கட்டுக்கு இருக்கிற மானம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

ஆனாலும் சும்மா இருந்தாரா? இல்லை. மறுபடியும் மவுஸைப் பிடித்தார். வெட்கம் ஒரு பக்கம் இருக்க, ஆசாமிக்குப் பயம் அதைவிடப் பெரிது. குடியிருப்பில் இருப்பது பதினாறு வீடு. இத்தனை வீட்டுக்காரர்களும் நாளைக்கு என்ன சொல்வார்கள்? என்ஜினீயர் கிழவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பொட்டு வைத்து டீச்சரைப் படுக்கவைத்துவிட்டான் என்பார்கள். அதோடு முடியாது, துடைத்ததை வேறு சொல்லவேண்டும்.

அம்பு ஓடியது. இன்னொரு முறை இழுத்தார். மறுபடியும் ஓடியது.

வடிவு பின்னால் வந்து நின்றிருந்தாள். "தள்ளுங்க. நான் அமுக்குதேன்," என்றாள்.

"நீயா?"

"கூட்டத்துக்கு முன்னால அனுப்பணும்னு சொன்னீங்கள்ல. எனக்குத்தான் ஒழுங்காப் போவுதுன்னு அந்தப் பிள்ளையே சொல்லுச்சே."

அவர் பட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்தபோது ஒரு நிம்மதி வந்ததை மறைப்பதற்கில்லை. தன் கைக்கு வராத பாவத்தை அவள் கையால் செய்துகொள்ளலாம் என்று எண்ணிய அந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் பிற்பாடு அதிகம் கூசிப்போனார்.

வடிவு உட்கார்ந்து பட்டையைக் கட்டினாள். அம்பு திரையின் நடுவிலிருந்து நேராகப் புறப்பட்டது. பச்சைக் கட்டத்தின் ஓரத்துக்கு வந்தது.

நடுங்கியது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மவுஸை அழுத்தி நகர்த்தினாள். அம்பு இடப்பக்கம் வெட்டி மூலைக்கு ஓடியது. திரும்ப இழுத்தாள். திரும்ப ஓடியது. கொஞ்சநேரம் முன்பு ராணியை ராஜாமேல் தூக்கி வைத்த அதே கை.

ஈஸ்வரமூர்த்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் முகத்தைப் பார்க்கக் குனிந்தார்.

"வடிவு... ஒனக்கு..."

அவள் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "வேட்டிய மெஷின்ல போடுதது நான்தான. நுனி பூரா சந்தனமும் குங்குமமுமா இருந்துச்சு. பொட்டு வச்ச அன்னைக்குக் கட்டுன வேட்டின்னா சரின்னு விட்டுருப்பேன். இது மறுநாள் காலைல கட்டுனது."

"ஏன் என்ட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்லிருவீங்களோன்னு பயந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு நாளும் பாத்துட்டு இருந்தேன். சொல்லல. சரி, எம் புருஷன் மானம்தான் பெருசுன்னு நானும் இருந்துட்டேன். நேத்து சுடலைமணி பொண்டாட்டி கீழ வந்து நின்னா. அவ மொகத்தப் பாக்க முடியாம பால்கனிக் கதவச் சாத்திட்டேங்க. எனக்கே என்னை நெனச்சா அசிங்கமா இருக்கு."

ஈஸ்வரமூர்த்தி அவள் மணிக்கட்டிலிருந்து பட்டையை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். கட்டுவதற்கு வெகுநேரமாயிற்று. வடிவு உதவவில்லை. மவுஸைப் பிடித்தார். அம்பு சாம்பல் நிறக் கட்டத்துக்கு நேராகப் போய், 'திரும்பப் பெறு' என்ற எழுத்தின்மேல் ஆணி அடித்ததுபோல் நின்றது. அழுத்தினார்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். பொட்டு வைத்ததைச் சொன்னார், லீவு கொடுத்ததைச் சொன்னார். துடைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க சார்," என்றார்கள். அதை இரண்டாம் முறையும் சொல்லவேண்டி வந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும். ரெபேக்கா டீச்சரின் மகன் டேனியல் மட்டும் எழுந்து, "அம்மாட்ட நீங்களே வந்து சொல்லிருங்க சார். நான் சொல்ல மாட்டேன்," என்றான்.

சுடலைமணி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றிருந்தான். எல்லோரும் கலைந்தபின் ஈஸ்வரமூர்த்தி அவன் அருகே போனார். அவன் காதுக்குப் பின்னால் வேஷத்தின் சிவப்புச் சாயம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நான் லீவு குடுத்தேன்னு நீயாவது சொல்லிருக்கலாமேடே."

"நீங்க அங்கனதான சார் இருந்தீங்க," என்றான் சுடலைமணி. "நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்."

ஈஸ்வரமூர்த்தி கை கூப்பப் போனார். கை நடுங்கியதில் அது கும்பிடாகவே வரவில்லை. சுடலைமணி பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மணிக்கட்டில் குலசையில் கட்டிய மஞ்சள் காப்பு அழுக்கேறிக் கிடந்தது.

"கோயில்ல அவுக்காம வந்துட்டேன் சார். வீட்ல அதான் ஒரே பொலம்பல். ஒரு நா லீவு வேணும்."

"போயிட்டு வா. எத்தனை நாள் வேணும்னாலும் போயிட்டு வா."

சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டு காலால் தரையைத் தேய்த்தான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். இந்தத் தடவ எழுதிக் குடுத்துருங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், சுடலைமணியின் லீவுக் கடிதத்தை அடிப்பதற்காக ஈஸ்வரமூர்த்தி பட்டையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். திரையில் கைத்துணைக் கம்பெனியின் அறிவிப்பு ஒன்று காத்திருந்தது.

'அன்பு வாடிக்கையாளரே, சில வேளைகளில் அம்பு தயங்கி நடுங்குவதாக நீங்கள் பலரும் தெரிவித்த குறை முழுமையாக நீக்கப்பட்டுவிட்டது. இனி உங்கள் அம்பு எங்கும் தயங்காது. நிறுவிக்கொள்ளலாமா?'

கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று 'சரி', மற்றது 'வேண்டாம்'.

பின்னால் நின்று தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த வடிவும் அதைப் படித்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஈஸ்வரமூர்த்தி மவுஸைப் பிடித்து, 'வேண்டாம்' என்பதை நோக்கி நகர்த்தினார்.

அம்பு அந்தக் கட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று நடுங்கியது.